இரண்டு திரை, ஒரே எண், வேறு வெள்ளை: கேள்வி பதில்

யாங்கோனில் அச்சகங்களுக்கும் ஸ்டூடியோக்களுக்கும் மானிட்டர் நிறம் சரிபார்த்துக் கொடுப்பது என் தொழில். இந்த வாரம் வந்த கேள்விகளில் சில.

கே: அண்ணே, தாமுவேயில் கல்யாணப் பத்திரிகை டிசைன் செய்கிறேன். பழைய எல்சிடி திரை, புது ஓஎல்இடி திரை இரண்டிலும் வெள்ளைக்கு நிறம் அளக்கும் மீட்டர் ஒரே எண்தான் காட்டுகிறது. பக்கத்தில் வைத்தால் ஓஎல்இடியில் மஞ்சளும் பச்சையும் கலந்த சாயல். மீட்டர் பழுதா?

ப: மீட்டரைத் திட்டாதீர்கள் தம்பி. அதற்குள் இருப்பது, சராசரிக் கண் நிறத்தை எப்படிப் பார்க்கும் என்று 1931இல் வகுத்த கணக்கு. அதற்காக ரைட், கில்ட் என்ற பிரிட்டிஷ் ஆய்வாளர்கள் முறையே 10 பேரையும் 7 பேரையும் வைத்து, 2 பாகை அகலமுள்ள சின்ன வட்டத்தில் நிறங்களைப் பொருத்தச் சொன்னார்கள். நம் விழித்திரையின் நடுவில் ஒரு மஞ்சள் நிறமி இருக்கிறது. நீல ஒளியில் ஒரு பங்கை அது விழுங்கிவிடும். நடுவிலிருந்து விலகினால் நிறமியும் குறையும். ஆகவே முழுத் திரையைப் பார்க்கும்போது கண்ணுக்குள் சேரும் நீலம் அதிகம். இரண்டு திரைகளும் வெள்ளையை வேறு வேறு ஒளிக்கலவையால் உண்டாக்குகின்றன. இந்த மாற்றம் இரண்டையும் ஒரே அளவில் பாதிக்காது. சின்ன வட்டத்தில் ஒத்துப்போனது பெரிய பரப்பில் பிரிந்துவிடும். போதாக்குறைக்கு, 1931 கணக்கு ஆழ்ந்த நீலத்தைக் குறைத்தே மதிப்பிட்டது. ஜட் என்ற ஆய்வாளர் 1951இல் அதற்குத் திருத்தம் சொல்லியும், இன்றும் பழைய கணக்குதான் ஓடுகிறது!

கே: 2 பாகை என்றால் எவ்வளவு பெரிது?

ப: கையை நீட்டிக் கட்டைவிரல் நகத்தைப் பாருங்கள், ஏறக்குறைய அவ்வளவுதான். முஷ்டி 10 பாகை. 50 சென்டிமீட்டர் தூரத்தில் முறையே 1.75, 8.75 சென்டிமீட்டர். 4 பாகையைத் தாண்டும் பரப்புக்கு 1964இல் வந்த 10 பாகைக் கணக்கு பொருத்தம்.

கே: மோல்மீனில் லுங்கி வியாபாரம். போன் பட்டியலில் பொட்டளவு படத்தில் கருநீலம் கறுப்பாகத் தெரிகிறது, பெரிதாக்கினால் நீலம். ஏன் அண்ணே?

ப: அக்கா, பார்வையின் நட்டநடுவில், ஏறக்குறைய பாகையில் மூன்றில் ஒரு பங்கு இடத்தில், நீலம் உணரும் கூம்புகளே (விழித்திரையில் நிறம் உணரும் செல்கள்) இல்லை. அதனால் மிகச் சின்னப் புள்ளியில் கருநீலமும் கறுப்பும், மஞ்சளும் வெள்ளையும் குழம்பும். பட்டியலில் முழு லுங்கியைக் காட்டாமல் துணியை நெருக்கமாக எடுத்துப் போடுங்கள்.

கே: எனக்கு 68 வயது. வெள்ளை என்று பேரன் சொல்வது எனக்கு வெள்ளையாக இல்லை.

ப: ஐயா, வயதானால் கண்ணின் லென்ஸ் மஞ்சளாகும். பேரன் சொல்வதும் சரி, நீங்கள் சொல்வதும் சரி.

கே: (தாமுவே தம்பி மறுபடியும்) அப்புறம் நான் என்ன செய்ய?

ப: திரை நிறம் சரிபார்க்கும் டிஸ்ப்ளேகால் மென்பொருளில் எந்தக் கண் கணக்கு என்று தேர்வு செய்யலாம். 1964இன் 10 பாகையைப் போட்டு அளந்து பாருங்கள். அதிலும் சாயல் மிஞ்சினால், விளக்கை அணைத்து இரண்டு திரைகளிலும் முஷ்டி அளவு வெள்ளையைப் போட்டு, சுற்றிலும் கறுப்பு அட்டையால் மறைத்து, ஓஎல்இடியின் வெள்ளையைக் கண்ணாலேயே எல்சிடிக்கு இணையாகக் கொண்டுவாருங்கள். அப்போது மீட்டர் காட்டும் எண்ணைக் குறித்துக்கொண்டு, இனி அதையே இலக்காக வையுங்கள். 1931 எண்ணோடு அது ஒத்துப்போகாது, விட்டுவிடுங்கள்.