ஏரி உடைந்தால் யார் எழுதுவார்?

அன்புள்ள ஐயா,

எனக்குச் சொந்த ஊர் வந்தவாசிப் பக்கம். எங்கள் ஊர் ஏரியைப் பற்றி ஒரு சிறு வரலாறு எழுத வேண்டும் என்பது நெடுநாள் ஆசை. தாது வருஷப் பஞ்சத்தில், கஞ்சிக்கும் கூலிக்கும் ஆள் வைத்துத்தான் கரையை உயர்த்தினார்கள் என்று தாத்தா சொல்வார். அதற்கு முன்பு ஒருமுறை ஏரி உடைந்து, இரண்டு வருஷம் நஞ்சை தரிசாகக் கிடந்ததாம். லீவு போட்டு எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் எட்டு நாள் உட்கார்ந்தேன். அட்டவணைத் தொகுதிகளில் எங்கள் ஊர்ப் பெயர் எங்குமே இல்லை. 'ஏரி' என்று தேடினாலும் பயன் இல்லை. எல்லாம் இணையத்தில் வந்துவிட்டது, எதற்கு அலைகிறாய் என்கிறார் நண்பர். வரலாற்று ஆய்வாளர்கள் அங்கே உட்கார்ந்து நாள் முழுக்க என்னதான் செய்கிறார்கள்? ஒன்றும் கிடைக்காத நாளை எந்தக் கணக்கில் எழுதுவது? பட்டம் எதுவும் இல்லாத நான் இதைச் செய்யலாமா?

க.

அன்புள்ள க.,

எட்டு நாள் லீவைச் செலவழித்து வெறுங்கையோடு ஊர் திரும்புவது எவ்வளவு வலிக்கும் என்று எனக்குத் தெரியும். கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன்: தாராளமாகச் செய்யலாம். ஊர் ஏரியின் மதகும் கலங்கலும் எந்தப் பக்கம் என்று தெரிந்த ஒருவர் அந்தக் காகிதங்களைப் படிப்பது பெரிய விஷயம். என்னைப் போன்றவர்களுக்கு அது தெரியாது.

நீங்கள் தேடிய விதத்தில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும். நீங்கள் ஏரியைத் தேடினீர்கள். அந்தச் சிவப்புக் கட்டடத்தில் இருப்பது ஆபீஸ் காகிதம். தாசில்தார் கலெக்டருக்கு எழுதியது, கலெக்டர் ரெவின்யூ போர்டுக்கு எழுதியது, போர்டு கவர்மென்டுக்கு எழுதியது, கவர்மென்ட் போட்ட உத்தரவு. எந்த ஆபீசில் எந்த வரிசையில் எழுதப்பட்டதோ, அந்த வரிசையிலேயே கட்டி வைத்திருக்கிறார்கள். ஆகவே உள்ளே போவதற்கு முன்பு ஒரு கேள்வியை நோட்டின் முதல் பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள்: ஏரி உடைந்தால், அதை யார், யாருக்கு, எதற்காக எழுதியாக வேண்டியிருந்தது?

முதலில் எழுதுபவர் கர்ணம், அதாவது ஊர்க் கணக்கர். ஏரியில் தண்ணீர் இல்லையென்றால் நஞ்சைக்குத் தீர்வை (நிலவரி) கட்ட முடியாது, குடியானவர்கள் வஜா, அதாவது வரித் தள்ளுபடி, கேட்பார்கள். எத்தனை காணி தரிசு, எத்தனை காணி சாவி (விளையாமல் போன பயிர்) என்று கர்ணம் கணக்கெழுத வேண்டும். தாசில்தார் அதைச் சரிபார்ப்பார், ஆண்டுதோறும் வரிக்கணக்கை முடிக்கும் ஜமாபந்தியில் முடிவாகும். அந்தத் தொகைகள் திரண்டு கலெக்டரின் ஜமாபந்தி அறிக்கையாகப் போர்டுக்குப் போகும். ஆக, உங்கள் ஏரி உடைந்த சேதி 'ஏரி' என்ற தலைப்பில் வர வேண்டிய அவசியமே இல்லை. வஜாவுக்குள் ஒளிந்திருக்கலாம். தாத்தா சொன்ன "இரண்டு வருஷம் தரிசு" இருக்கிறதே, அதுதான் உங்கள் கையில் இருக்கும் நல்ல துப்பு. அது தீர்வை சம்பந்தப்பட்டது. தீர்வை சம்பந்தப்பட்ட எதையும் அந்த அரசாங்கம் எழுதாமல் விட்டதில்லை.

அடுத்து, கரையைக் கட்டச் செலவு. இங்கேதான் பலரும் வழி தவறுவார்கள். 1850களின் கடைசி வரை ஏரி வேலைகள் பெரும்பாலும் ரெவின்யூ போர்டுக்குக் கீழே 'மராமத்து' (பழுதுபார்ப்பு) என்ற பெயரில் நடந்தன. அப்புறம் அது பொதுப்பணித்துறைக்குப் போய்விட்டது. அதனால் 1840இல் நடந்த மராமத்தைப் பொதுப்பணித்துறை அட்டவணையில் தேடினால் கிடைக்காது. 1858இல் ஒரு சட்டம் வந்தது, ஊரார் தங்கள் உழைப்பைக் கொடுத்துச் செய்யும் குடிமராமத்துக்குக் குடியானவர்களைக் கட்டாயமாக வரவழைக்க. 1883இல் ஏரிச் சீரமைப்புத் திட்டம் ஒன்றைத் தொடங்கினார்கள். ஒவ்வொரு ஏரியாகப் போய், கரை எவ்வளவு நீளம், மதகு எத்தனை, கலங்கல் எவ்வளவு அகலம், எவ்வளவு தண்ணீர் பிடிக்கும் என்று அளந்து குறிப்பு எழுதிய திட்டம் அது. உங்கள் ஏரிக்கும் அப்படி ஒரு குறிப்பு இருந்தால், பஞ்சத்துக்குப் பின் கரை எந்த உயரத்தில் நின்றது என்பது அதில் இருக்கும். தாத்தா சொன்னதை அதோடு பொருத்திப் பார்க்கலாம்.

ஊர் ரயத்துவாரியா (குடியானவர் நேரே அரசுக்கு வரி கட்டுவது), ஜமீனா, இனாமா (மானியமாக விட்டது) என்பதையும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். பக்கத்திலேயே ஆரணி ஜாகீர், அதாவது ஒரு குடும்பத்துக்கு விட்டுக்கொடுத்த பகுதி, இருந்தது. ஜாகீர் கிராமம் என்றால் கலெக்டர் ஆபீசுக்கு உள்விவரம் அதிகம் வந்திருக்காது. இனாம் நிலம் ஏதாவது இருந்தால் 1858இல் அமைத்த இனாம் கமிஷனின் பதிவேட்டைக் கட்டாயம் பாருங்கள். யாருக்கு, எந்த ஊழியத்துக்காக, யார் விட்ட மானியம் என்று விசாரித்து எழுதியிருப்பார்கள். ஏரி வெட்டியவருக்கும் அதைப் பராமரிப்பவருக்கும் 'தசபந்தம்' என்று ஒரு மானியம் உண்டு. தெலுங்கு ஜில்லாக்களில்தான் அது அதிகம், ஆனால் வந்தவாசி இருந்த பழைய வட ஆற்காடு ஜில்லாவிலும் தேடிப் பார்ப்பது வீண் போகாது.

இப்போது பெயர்கள். வந்தவாசியை 'வாண்டிவாஷ்' என்றுதான் எழுதினார்கள். ஆங்கில அகரவரிசையில் அது டபிள்யூவில் வரும், வி-யில் பார்த்திருந்தால் தவறவிட்டிருப்பீர்கள். வட ஆற்காடு ஜில்லாவின் தலைநகரம் 1911 வரை சித்தூர். கலெக்டர் கடிதங்கள் சித்தூரிலிருந்து வந்ததாக இருப்பதைப் பார்த்து, இது நம் ஜில்லா இல்லை என்று பக்கத்தைத் தள்ளியிருந்தால் திரும்பப் போய்ப் பாருங்கள். ஊர்ப் பெயரை ஐந்தாறு விதமாக ஆங்கிலத்தில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். 'பாக்கம்', 'பட்டு', 'குப்பம்' எல்லாம் ஒவ்வொரு குமாஸ்தாவின் காதில் ஒவ்வொரு மாதிரி விழுந்திருக்கும். நான் பெயர்களை வாய்விட்டுச் சொல்லிப் பார்ப்பேன். தமிழ் தெரியாத ஒருவர் அதைக் கேட்டால் எப்படி எழுதுவார் என்று யோசித்தால் பாதி எழுத்துக்கூட்டல்கள் தானாக வந்துவிடும்.

காலக் கணக்கும் அப்படித்தான். தாத்தாவுக்குத் தாது வருஷம். அது 1876 ஏப்ரலில் தொடங்கி 1877 ஏப்ரலில் முடிந்தது. ரெவின்யூ ஆபீசுக்குப் பசலி என்ற வரிக்கணக்கு ஆண்டு. ஜூலை முதல் ஜூன் வரை ஒரு பசலி, ஆங்கில ஆண்டில் 590ஐக் கழிக்க வேண்டும். 1876 ஜூலையில் பிறந்தது பசலி 1286. நீங்கள் 1876ஆம் ஆண்டுத் தொகுதியை மட்டும் பார்த்திருந்தால் போதாது. பஞ்ச நிவாரண வேலை 1877 முழுக்க நடந்து 1878 வரை இழுத்தது. அந்தப் பசலியின் ஜமாபந்தி அறிக்கையோ பசலி முடிந்த பிறகுதான் எழுதப்படும், போர்டு அதன் மேல் உத்தரவு போட இன்னும் மாதங்கள் ஆகும். ஒரு சம்பவம் நடந்த ஆண்டோடு, அதற்குப் பிந்திய குறைந்தது இரண்டு ஆண்டுகளின் தொகுதிகளையும் படிக்க வேண்டும்.

நாள் முழுக்க என்ன செய்கிறோம் என்று கேட்டீர்கள். அட்டவணையிலிருந்து எண்ணும் தேதியும் துறையும் எடுத்துச் சீட்டு எழுதிக் கொடுப்போம். கட்டு வரும்வரை அடுத்த ஆண்டின் அட்டவணையைப் படிப்போம். கட்டு வந்ததும் நாடாவை அவிழ்த்து, அதை மேசையில் படுக்க வைத்து, ஒவ்வொரு தாளாக இரண்டு கையாலும் திருப்புவோம். பழைய இரும்பு மையில் அமிலம் உண்டு. அழுத்தி எழுதிய இடங்களில் மை தாளைத் தின்று, எழுத்தின் வடிவத்திலேயே ஓட்டை விழுந்திருக்கும். ஓரங்கள் அப்பளம் போல நொறுங்கும். பேனா கூடாது, பென்சில்தான். சாயங்காலம் கைக்குட்டையில் மூக்கைத் துடைத்தால் பழுப்பாக வரும். தூசி ஒத்துக்கொள்ளாதவர் என்றால் முகக்கவசம் போட்டுக்கொள்ளுங்கள்.

ஒரு வரி படிப்பதற்கு முன்பே துறை, எண், தேதி, தொகுதி, பக்கம் எல்லாவற்றையும் குறித்துவிடுங்கள். ஆரம்ப காலத்தில், ஒரு தாசில்தார் எழுதிய அருமையான பத்தி கிடைத்த பரபரப்பில் அதை மட்டும் நகலெடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். எண்ணைக் குறிக்கவில்லை. அதை மறுபடி கண்டுபிடிக்கப் பதினோரு நாள் ஆயிற்று. அதுவரை, எண் இல்லாத அந்தப் பத்தியை என்னால் எங்கும் பயன்படுத்த முடியவில்லை.

ஒன்றும் கிடைக்காத நாளுக்கும் கணக்கு உண்டு. என் நோட்டில் கடைசிப் பத்துப் பக்கம் அதற்குத்தான். எந்தத் தொகுதியில், எந்த எழுத்துக்கூட்டலில் தேடினேன், இல்லை என்று எழுதி வைப்பேன். ஆறு மாதம் கழித்து அதே தொகுதியை மறுபடி புரட்டாமல் காப்பது அந்தப் பக்கங்கள்தான். ஆனால் 'இல்லை' என்பதை 'நடக்கவில்லை' என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். காலக்கெடு முடிந்த கோப்புகளை விதிப்படி அழிப்பது எல்லா ஆபீசிலும் வழக்கம். நமக்கு மிஞ்சியிருப்பது அவர்கள் வைத்துக்கொள்ள நினைத்தது.

ஒரு தாளைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். பல வருஷங்களுக்கு முன்பு ஒரு ஜில்லாவின் பழைய கட்டுகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எல்லாம் ஆங்கிலம். நடுவில் நான்காக மடித்த ஒரு தமிழ்த் தாள். பதினான்கு குடியானவர்கள் கொடுத்த அர்ஜி. மேலூர்க்காரர்கள் கலங்கலை உயர்த்திவிட்டதால் கீழ் ஏரிக்குத் தண்ணீர் வரவில்லை என்று புகார். கையெழுத்துப் போட்டவர்கள் மூன்று பேர். மற்றவர்கள் ஆளுக்கொரு கீறல் போட்டிருந்தார்கள், பக்கத்தில் எழுதியவர் கையால் "இது இன்னான் தற்குறி" என்று பெயர். தற்குறி என்று இன்று வசவாகச் சொல்கிறோமே, அந்தச் சொல். ஒரு கீறல் நடுங்கியிருந்தது, ஒன்று தாளைக் கிழிக்கிற அழுத்தம். நாற்றுவிட்டு முப்பது நாள் ஆகிறது, நடவுக்கு வந்த பெண்டுகள் கரையிலே உட்கார்ந்திருந்துவிட்டுத் திரும்பிப் போகிறார்கள் என்று அதில் ஒரு வரி. கூடவே ஆங்கில மொழிபெயர்ப்பும் இருந்தது. ஐந்தே வரி. கலங்கலின் உயரம் பற்றி மனுதாரர்கள் குறை சொல்கிறார்கள், அவ்வளவுதான். பெண்டுகள் அதில் இல்லை. போர்டு வரை போனது அந்த ஐந்து வரிதான். அன்றிலிருந்து, ஒரு கட்டு கையில் வந்தால் மடித்த தாள் ஏதாவது இருக்கிறதா என்றுதான் முதலில் பார்க்கிறேன்.

உங்கள் நண்பர் சொல்வதிலும் விஷயம் இருக்கிறது. அச்சான அறிக்கைகளும் பழைய மாவட்டக் கையேடுகளும் நிறையவே இணையத்தில் கிடைக்கின்றன. அவற்றை வீட்டிலேயே படித்துவிட்டுப் போங்கள், நாட்கள் மிச்சமாகும். சென்னையின் நடவடிக்கைத் தொகுதிகளுக்கு லண்டனுக்கு அனுப்பிய பிரதிகளும் உண்டு, அவை பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கின்றன. இங்கே ஒரு பக்கம் சிதைந்திருந்தால் அங்கே முழுதாக இருக்கலாம். ஆனால் அந்த மடித்த தாள் லண்டனுக்குப் போகவில்லை. யாரும் அதை இன்னும் ஸ்கேன் செய்திருக்கவும் மாட்டார்கள்.

ஏரியை முதன்முதலில் வெட்டியது யார் என்பதற்கு எழும்பூரில் பதில் கிடைப்பது கடினம். அங்கிருக்கும் ஆங்கிலக் காகிதங்கள் 1670 வாக்கில்தான் தொடங்குகின்றன. அதற்குக் கல்வெட்டுதான். உங்களுக்குப் பக்கத்து உத்திரமேரூரில், பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் ஏரி வாரியத்துக்கு ஆள் தேர்ந்தெடுத்த விதத்தைச் சொல்கின்றன. உங்கள் மதகுக் கல்லையும் கோடையில் தண்ணீர் வற்றும்போது துடைத்துப் பாருங்கள்.

அடுத்த லீவுக்கு முன்பு இன்னொரு வேலை இருக்கிறது. கர்ணம் பதவி 1980இல் ஒழிந்தபோது பழைய கணக்குகள் எல்லாமே தாலுகா ஆபீசுக்குப் போய்விடவில்லை. உங்கள் ஊரில் கர்ணம் வீடு எது என்று தாத்தாவின் வயதுக்காரர்கள் யாராவது சொல்வார்கள். அந்த வீடு இன்னும் நின்றால், பரணில் என்ன இருக்கிறது என்று பொறுமையாகக் கேளுங்கள். எதையும் வாங்கி வர வேண்டாம். அங்கேயே, அவர்கள் முன்னாலேயே, பக்கம் பக்கமாகப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பசலி 1286 என்று எங்காவது தென்பட்டால் எனக்கு எழுதுங்கள். நானும் வருகிறேன்.

அன்புடன்.