இரண்டு நாள் கிராக்கோவ்: முழங்கால் வலியோடு உப்புச் சுரங்கம் போகலாமா?

போலந்தின் கிராக்கோவ் நகரில் இரண்டு நாள்; தோழிக்கு முழங்கால் வலி, ஆனால் நகருக்கு அருகே உள்ள வியலிச்கா உப்புச் சுரங்கத்தை விட மனமில்லை என்கிறீர்கள். விடாதீர்கள். ஆனால் வழக்கமான பாதையில் தொடக்கத்திலேயே சுமார் 380 படிகள் இறங்க வேண்டும்; மொத்தம் 800 வரும். மேலே வர லிஃப்ட் உண்டு, இறங்கும்போதுதான் முழங்கால் கெஞ்சும். லிஃப்டில் இறங்க வழி உண்டா என்று முன்பதிவுக்கு முன்பே கேட்டுவிடுங்கள். உள்ளே 17 டிகிரிதான், ஸ்வெட்டர் வேண்டும். சுரங்கத்துக்குள்ளேயே இருக்கும் புனித கிங்கா தேவாலயத்தில் சரவிளக்கின் படிகங்கள்கூட உப்பு! (நக்கிப் பார்க்க ஆசை வரும்.)

அப்புறம், சுரங்கத்தை இரண்டாம் நாளுக்குத் தள்ளுங்கள். முதல் நாள் பழைய நகரச் சதுக்கம் போதும், சமதரை. மரியா தேவாலயக் கோபுரத்தில் மணிக்கொரு முறை எக்காளம் ஊதுவார்கள்; பாதியில் சட்டென நின்றால் பதற வேண்டாம், மரபே அதுதான்.