வாட்டர்ட்டன் போகிறவர்கள் கேட்டவை

கனடாவில், ஆல்பர்ட்டா மாகாணத்தின் தென்மேற்கு மூலையில், அமெரிக்க எல்லையை ஒட்டி இருக்கிறது வாட்டர்ட்டன் ஏரிகள் தேசியப் பூங்கா. லெத்பிரிட்ஜில் குடியிருப்பதால் அங்கே அடிக்கடி போய்வருகிறவன் நான். வந்த கேள்விகளும் என் பதில்களும்:

பான்ஃப் தேசியப் பூங்கா பார்த்துவிட்டோம். இதுவும் அதே மலைதானே சார்?

அதே ராக்கி மலைதான், ஆனால் போய்ச் சேரும் விதம் வேறு. பான்ஃபுக்கு முதலில் குன்றுகள், பிறகு பெரிய குன்றுகள், அப்புறம்தான் மலை. இங்கே மேய்ச்சல் நிலம் முடிகிற இடத்திலேயே மலை எழுந்து நிற்கிறது. நூறு கோடி ஆண்டுகளுக்கும் மூத்த பாறை, நிலத்தட்டுகளின் நெருக்கலில் தன்னைவிட மிக இளைய பாறைமேல் ஏறி உட்கார்ந்துவிட்டது. அதனால் நேராகப் பூங்காவுக்குள் இருக்கும் வாட்டர்ட்டன் ஊருக்குள் ஓடாதீர்கள். நுழைவாயிலுக்குச் சற்று வடக்கே காட்டெருமை வளாகம் இருக்கிறது, காரிலேயே சுற்றலாம். முன்னால் புல்வெளி, பின்னால் மலை. என்னைக் கேட்டால் பூங்காவிலேயே நல்ல காட்சி அதுதான்.

அண்ணை, டொரன்டோவில இருந்து வாறம். பஸ் இருக்கோ?

பஸ்ஸை நம்ப வேண்டாம் தம்பி. கால்கரியில் இறங்கி வாடகைக் கார் எடுங்கள், மூன்று மணி நேரப் பயணம். பின்ச்சர் கிரீக்கிலோ கார்ட்ஸ்டனிலோ பெட்ரோலும் சாமானும் வாங்கிவிடுங்கள். ஊர் மிகச் சின்னது, சைவச் சாப்பாட்டுக்குத் தெரிவு குறைவு.

காற்று பயங்கரம் என்கிறார்களே, மிகைப்படுத்துகிறார்களா?

இல்லை. பசிபிக் பக்கமிருந்து வரும் காற்று மலையைத் தாண்டிச் சரிவில் இறங்கும்போது வேகம் பிடிக்கிறது. ஏரிப் பள்ளத்தாக்கு அதைக் குறுக்கி இன்னும் விரட்டுகிறது. மேட்டில் தெரியும் பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ் ஹோட்டலைக் கட்டிக்கொண்டிருந்தபோதே புயற்காற்று அதை அடித்தளத்திலிருந்து சில அங்குலம் நகர்த்தியது. 1927-இல் திறந்த அந்த ஹோட்டல் இன்றும் நிற்கிறது.

காரின் முகத்தைக் காற்றுக்கு எதிராக வைத்து நிறுத்துங்கள், இறங்கும்போது கதவை விடாமல் பிடியுங்கள். பின்பக்கமிருந்து வீசினால் கீல் வளைந்துவிடும். ஊர் முகாம் திடலில் கூடாரம் போடுகிறவர்கள் நீளமான முளைகளை அடித்து எல்லாக் கயிற்றையும் கட்டுங்கள். வெளியே கிளம்பும்போது உள்ளே படுக்கைப் பைகளை மட்டும் விட்டுப்போனால் கூடாரம் எழுந்து நடக்கும். காலையில் பெரும்பாலும் காற்று அடங்கியிருக்கும், படகுக்கும் நடைக்கும் அதுவே நேரம்.

அம்மாவுக்கு மூட்டுவலி. ஏறாமல் பார்க்க என்ன இருக்கிறது?

கேமரன் அருவி ஊருக்குள்ளேயே, சாலையோரம். ரெட் ராக் கேன்யனில் ஓடையை ஒட்டிச் சின்னச் சுற்றுப்பாதை. அங்கே பாறையின் சிவப்பு, இரும்பு துருப்பிடித்த சிவப்பு. துருப்பிடிக்காத இடங்களில் பச்சை வரி ஓடும், அம்மாவிடம் காட்டுங்கள்.

கிரிப்ட் ஏரி நடை செய்யலாமா? எனக்கு உயரம் என்றால் கொஞ்சம் பயம்.

கொஞ்சம்தானா என்று யோசித்துக்கொள்ளுங்கள். படகில் ஏரியைக் கடந்தபின் போகவர 17 கிலோமீட்டர், ஏற்றம் 700 மீட்டர் அளவு. முக்கால்வாசி ஏறியபின் இரும்பு ஏணி, குனிந்து தவழும் பாறைச் சுரங்கம், வெளியே வந்ததும் விளிம்பு. பிடிக்க எஃகு வடம் உண்டு. திரும்பும் படகின் நேரத்தை விடாதீர்கள். தயக்கமிருந்தால் பேர்ஸ் ஹம்ப் ஏறுங்கள்: செங்குத்து, ஆனால் குட்டை. உச்சியிலிருந்து ஒருபக்கம் ஏரி, மறுபக்கம் புல்வெளி.

2017 தீயில் எல்லாம் அழிந்துவிட்டதாமே?

பூங்காவில் மூன்றிலொரு பங்குக்குமேல் எரிந்தது உண்மை. ஊரைத் தீயணைப்பு வீரர்கள் காப்பாற்றினார்கள். கரிந்த மரங்கள் இன்னும் நிற்கின்றன, அடியில் ஜூன், ஜூலையில் பூக்கள் ஏராளம். நிழல் குறைந்துவிட்டது, தொப்பியும் கூடுதல் தண்ணீரும் அவசியம்.

கரடி வந்தால்?

கருங்கரடி, கிரிஸ்லி இரண்டும் உண்டு. கரடியை விரட்டும் மிளகாய் ஸ்ப்ரேயை விமானத்தில் ஏற்ற விடமாட்டார்கள், இறங்கியபின் வாங்கி இடுப்பில் மாட்டுங்கள், பைக்குள் வைத்துப் பயனில்லை. நடக்கும்போது பேசிக்கொண்டே போங்கள். நம் கூட்டத்துக்கு அதைச் சொல்லவே வேண்டாம்! குறைந்தது 100 மீட்டர் தள்ளி நில்லுங்கள். ஊருக்குள் உலவும் மான்களுக்கும் 30 மீட்டர் விடவேண்டும், முறுக்கு நீட்டாதீர்கள்.

அப்படியே அமெரிக்கப் பக்கம் கிளேசியர் பூங்காவும் போகலாமா?

1932 முதல் இரண்டும் சேர்ந்து சர்வதேச அமைதிப் பூங்கா. ஆனாலும் விசா விசாதான். அருகிலுள்ள சீஃப் மவுண்டன் சாவடி கோடையில் மட்டும் திறக்கும், இரவில் மூடிவிடும். விசா இல்லாதவர்கள் ஏரிக்கரையிலிருந்து தெற்கே பாருங்கள்: மலைச்சரிவில் காட்டை நேர்கோடாக வெட்டியிருப்பது தெரியும். எல்லை அதுதான்.

டிசம்பரில் வந்தால்?

கடைகள் பெரும்பாலும் பூட்டியிருக்கும். தங்குமிடம் உறுதியான பிறகு கிளம்புங்கள்.