மலையேறப் போகிறேன், எந்தத் துப்பாக்கி வாங்கலாம்?

ஜவ்வாது மலையிலும் ஏலகிரியிலும் நடக்கும் நண்பர்கள் கேட்டவற்றுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். எனக்கு ஊர் வேலூரை அடுத்த கம்மவான்பேட்டை. பட்டாளத்துக்குப் பிள்ளைகளை அனுப்பியே பெயர் வாங்கிய ஊர். நானும் போய்த் திரும்பியவன். அதன்பின் உரிமம் பெற்ற பன்னிரண்டு போர் (12 bore) இரட்டைக்குழல் துப்பாக்கியோடு வங்கி வாசலில் காவல் நின்றவன்.

காட்பாடி, கல்லூரி மாணவர்: ஐயா, ஜமுனாமரத்தூர்ப் பக்கம் நண்பர்களோடு மலையேறுகிறோம். கரடியும் சிறுத்தையும் உண்டு என்கிறார்கள். உரிமம் வாங்கி ஒரு ரிவால்வர் வைத்துக்கொள்ளலாமா?

தம்பி, உரிமம் கிடைத்தாலும் அதைக் காட்டுக்குள் கொண்டுபோக முடியாது. வீட்டுப் பாதுகாப்புக்கென்று மாவட்ட ஆட்சியர் தரும் உரிமம் காப்புக்காட்டுக்கான அனுமதிச் சீட்டு அல்ல. ஜவ்வாது மலை சந்தன மரக் கடத்தலைப் பார்த்த மலை. துப்பாக்கியோடு ஓர் அந்நியரைக் கண்டால் வனத்துறை முதலில் என்ன நினைக்கும் என்று நீங்களே யோசியுங்கள். எல்லை தாண்டி ஆந்திரத்தின் கவுண்டின்யா சரணாலயத்துக்குள் கால் வைத்தால் இன்னும் கடுமை. தலைமை வன உயிரினக் காப்பாளரின் எழுத்து அனுமதி இல்லாமல் எந்த ஆயுதத்தோடும் சரணாலயத்துக்குள் நுழையக் கூடாது.

"உயிருக்கு ஆபத்து வந்தால் சுடலாம் என்று சட்டமே சொல்கிறதே" என்று அடுத்துக் கேட்பீர்கள். சொல்கிறதுதான். 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் 11ஆவது பிரிவு, தற்காப்புக்காக நல்லெண்ணத்தோடு விலங்கைக் கொன்றால் குற்றமில்லை என்கிறது. அதே பிரிவில் ஒரு கொக்கியும் இருக்கிறது. அந்த நேரத்தில் நீங்கள் அந்தச் சட்டத்தை மீறிக்கொண்டிருந்தால் அந்தப் பாதுகாப்பு உங்களுக்கு இல்லை. கரடியும் சிறுத்தையும் அந்தச் சட்டம் மிகக் கடுமையாகக் காக்கும் முதல் அட்டவணை விலங்குகள். குறைந்தது மூன்று ஆண்டு சிறை, ஏழு வரை போகலாம்.

சட்டத்தை ஒதுக்கிவைத்து ஆயுதத்தை மட்டும் பார்த்தாலும் கணக்கு உதைக்கிறது. நம் நாட்டில் சாதாரணக் குடிமகனுக்குக் கிடைக்கும் ரிவால்வர் பாயின்ட் 32 (குழல் விட்டம், அங்குலக் கணக்கில்). கரடி நாடுகளில் இடுப்பில் வைத்துக்கொள்ளும் பாயின்ட் 44 மேக்னத்தின் வேகத்தோடும் எடையோடும் ஒப்பிட்டால், இதன் குண்டுக்குப் பத்தில் ஒரு பங்கு ஆற்றல்தான். பாய்ந்து வரும் கரடியை அது நிறுத்தாது, கோபப்படுத்தும்.

ஆம்பூர், தோல் தொழிற்சாலை மேலாளர்: ரிவால்வர் வேண்டாம், சரி. சட்டச் சிக்கல் இல்லாத இடம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். பன்னிரண்டு போர் போதுமா?

குண்டின் ஆற்றலைக் கேட்டால், போதும். கிட்டத்தட்ட 28 கிராம் எடையுள்ள ஒற்றைக் குண்டு கிட்டத்தில் எந்தக் கரடியையும் வீழ்த்தும். ஆனால் போதாதது நேரம்.

நம் மலைக் கரடி மணிக்கு 40 கிலோமீட்டருக்கு மேல் ஓடக்கூடியது. புதர் மண்டிய பாதையில் அதை 20 மீட்டரில் பார்த்தாலே அதிர்ஷ்டம். அந்த 20 மீட்டரைக் கடக்க அதற்கு இரண்டு நொடிகூடத் தேவையில்லை. நம்பிக்கை இல்லையென்றால் ஒரு மைதானத்தில் சோதித்துப் பாருங்கள். மூன்று கிலோ எடையுள்ள ஒரு கழியை வாரில் கட்டித் தோளில் மாட்டிக்கொள்ளுங்கள். ஒரு நண்பரை 10 மீட்டர் தூரத்தில் நிறுத்தி, சொல்லாமல் ஓடிவரச் சொல்லுங்கள். மனிதன் கரடியில் பாதி வேகம் என்பதால்தான் பாதி தூரம். வாரைத் தோளிலிருந்து கழற்றி, கழியை நிமிர்த்தி, தோள்குழியில் பதிப்பதற்குள் அவர் கை உங்கள் மார்பில் இருக்கும். உண்மைத் துப்பாக்கியில் இதோடு பூட்டை விடுவிப்பதும் குறிபார்ப்பதும் சேரும். உங்கள் முன்னால் ஒரு நண்பர் நடந்துகொண்டிருந்தால் குழல் அவரைத்தான் முதலில் பார்க்கும்.

தோட்டாவைப் பற்றி ஒரு வார்த்தை. பழைய காகிதத் தோட்டாக்கள் ஈரத்தில் ஊறிவிடும். பித்தளை அடிப்பாகம் சரியாக இருக்கும், உடல் மட்டும் உப்பி, குழலுக்குள் முக்கால்வாசி போய் நின்றுவிடும். உள்ளேயும் போகாது, வெளியேயும் வராது. பிளாஸ்டிக் உறை வந்தபின் இந்தத் தொல்லை குறைந்தது, போகவில்லை.

சியாட்டில் (சொந்த ஊர் குடியாத்தம்): அண்ணா, கோடையில் குடும்பத்தோடு அலாஸ்கா போகிறோம். இங்கே எல்லாரும் துப்பாக்கி இல்லாமல் போகாதே என்கிறார்கள். எதை வாங்குவது?

இந்தக் கேள்விக்கு அர்த்தம் உள்ள இடம் அதுதான். முதலில் உங்கள் விசாவைப் பாருங்கள். ஹெச்1பி போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர் அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டப்படி பொதுவாகத் துப்பாக்கி வைத்திருக்கவே கூடாது. வேட்டை உரிமம் போன்ற சில விலக்குகள் உண்டு என்றாலும், வழக்கறிஞரைக் கேட்காமல் அதை நம்பி இறங்காதீர்கள். கிரீன் கார்டு இருந்தால் தடையில்லை. காரில் கனடா வழியாகப் போவதானால் கைத்துப்பாக்கி எண்ணத்தையே விட்டுவிடுங்கள்.

தடையில்லாதவர் என்றால், அங்கே அனுபவசாலிகள் நீண்ட குழலைத்தான் சொல்கிறார்கள். ஒற்றைக் குண்டு போடும் பன்னிரண்டு போர், அல்லது பாயின்ட் 300 மேக்னம் வகை ரைஃபிள். கைத்துப்பாக்கிதான் தூக்க முடியும் என்பவர்கள் பாயின்ட் 44 மேக்னம் அல்லது 10 மில்லிமீட்டர் எடுக்கிறார்கள். இந்தப் பெயர்களில் எது உயர்ந்தது என்று விடிய விடிய வாதம் செய்வார்கள். எனக்கு அதில் அக்கறை இல்லை. உதைப்புக்குப் பயப்படாமல், அடுத்தடுத்து மூன்று முறை சுட்டு ஒரு தட்டு அளவு வட்டத்தில் உங்களால் அடிக்க முடிகிறது என்றால், அதுதான் உங்கள் துப்பாக்கி.

ஆனால் நான் உங்களுக்குச் சொல்வது கரடி ஸ்பிரே, அதாவது கரடியின் முகத்தை நோக்கிப் பீய்ச்சும் மிளகாய்க் காரக் குப்பி. டாம் ஸ்மித்தும் ஸ்டீஃபன் ஹெரேரோவும் சக ஆய்வாளர்களோடு அலாஸ்கா சம்பவங்களைத் தொகுத்து 2008இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். பழுப்புக் கரடி விஷயத்தில் 92 விழுக்காடு ஸ்பிரே வேலை செய்தது. அதைக் கையில் வைத்திருந்தவர்களில் 98 விழுக்காட்டினர் காயமின்றித் தப்பினார்கள். 2012இல் துப்பாக்கிச் சம்பவங்கள் 269ஐ அலசினார்கள். கைத்துப்பாக்கி 84 விழுக்காடும் நீண்ட குழல் 76 விழுக்காடும் பலித்தன. கவனிக்க வேண்டியது வேறு: துப்பாக்கியைச் சுட்டவர்களுக்கும், கையில் வைத்திருந்தும் சுடாதவர்களுக்கும் காயம் பட்டதில் வேறுபாடு தெரியவில்லை. இரண்டு தொகுப்புகளும் வேறு வேறு வகைச் சம்பவங்கள் என்பதால் எண்களை நேருக்கு நேர் மோதவிடக் கூடாது. இருந்தாலும் ஸ்பிரேயில் குறி ஓரடி தப்பினாலும் மேகம் தப்பாது. துப்பாக்கியில் தப்பினால் தப்பியதுதான்.

விமானத்தில் அந்தக் குப்பியைக் கைப்பையிலும் அனுமதிக்க மாட்டார்கள், பெட்டியிலும் அனுமதிக்க மாட்டார்கள். அங்கே போய் இறங்கி வாங்குங்கள். காலாவதித் தேதியைப் பாருங்கள். முதுகுப்பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்துவிட்டால் அது தண்ணீர்ப் பாட்டிலுக்குச் சமம். இடுப்பிலோ மார்பிலோ தொங்க வேண்டும். தேசியப் பூங்காக்களில் 2010 பிப்ரவரி முதல், மாநிலச் சட்டம் இடம் கொடுத்தால் துப்பாக்கி எடுத்துப் போகலாம். பெரும்பாலான பூங்காக்களில் சுடுவதற்கான தடை அப்படியே இருக்கிறது.

பேரணாம்பட்டு, விவசாயி: மாந்தோப்பிலும் நிலக்கடலைக் கொல்லையிலும் பன்றி புகுந்து அழிக்கிறது. யானையும் வருகிறது. நாட்டுத் துப்பாக்கி வைத்துக்கொண்டால் என்ன?

கள்ளத் துப்பாக்கி என்றால் வேண்டவே வேண்டாம். உங்கள் வயிற்றெரிச்சல் புரிகிறது, ஆனால் அது வீட்டில் இருப்பதே சிறைக்கு வழி. இரும்புக் குழாயை அறுத்துச் செய்த குழல் வெடித்து விரல் போனால் ஆஸ்பத்திரியில் உண்மையைச் சொல்லவும் முடியாது. பயிர்ப் பாதுகாப்புக்கென்றே, குழல்வாய் வழியே வெடிமருந்து கெட்டிக்கும் துப்பாக்கிக்கு உரிமம் தர 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தில் இடம் இருக்கிறது. ஆட்சியர் அலுவலகத்தில் முறைப்படி விண்ணப்பியுங்கள். கிடைத்தாலும் அது சத்தத்துக்குத்தான், பன்றியைச் சுட உங்களுக்கு அதிகாரம் இல்லை. காப்புக்காட்டிலிருந்து மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் வரும் பன்றியைச் சுட 2025இல் அரசு வழிவிட்டது. அதையும் வனத்துறையினர்தான் செய்ய வேண்டும். அவுட்டுக்காய் (தீனிக்குள் மறைத்த நாட்டு வெடி) வைப்பவர்களைக் கண்டால் தயவுசெய்து தடுங்கள். பன்றிக்கு வைத்ததை மாடும் கடிக்கும், யானையும் கடிக்கும்.

யானைக்கு எந்தத் துப்பாக்கியும் பதில் இல்லை. கிணற்றங்கரையில் தனியாக நின்று டார்ச் அடித்து அதை விரட்டப் பார்க்காதீர்கள். வனத்துறைக்குத் தகவல் சொல்லிவிட்டு வீட்டுக்குள் இருங்கள்.

வாணியம்பாடி: ஏர்கன்?

கரடியைச் சீண்டிப் பார்க்க ஆசை இருந்தால் கொண்டு போங்கள்.

ஒடுகத்தூர், இல்லத்தரசி: கே.வி.குப்பம் பக்கம் 2024 டிசம்பரில் ஒரு பெண்ணைச் சிறுத்தை கொன்றதிலிருந்து பிள்ளைகளை வெளியே விடவே பயமாக இருக்கிறது.

அம்மா, பயம் நியாயமானது. அதே ஆண்டு ஜூனில் திருப்பத்தூரில் ஒரு பள்ளிக்கூடத்துக்குள்ளேயே சிறுத்தை வந்தது, மயக்க ஊசி போட்டுப் பிடித்தார்கள். சிறுத்தை குனிந்த உருவத்தையும் தனித்த உருவத்தையும்தான் தேடுகிறது. கழிப்பறை இல்லாமல் இருட்டில் ஒதுங்குவது, குழந்தையைப் பின்னால் நடக்கவிடுவது, சாலையோரம் கோழிக் கழிவைக் கொட்டி நாய்களைச் சேர்ப்பது ஆகிய மூன்றையும் நிறுத்துங்கள். எதிரே பார்த்துவிட்டால் ஓட வேண்டாம், உட்கார வேண்டாம். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு, கையை உயர்த்திக் கத்தியபடி, முகத்தைத் திருப்பாமல் பின்வாங்குங்கள்.

போளூர், ஆசிரியர்: சரி, நீங்கள் என்னதான் எடுத்துப் போகிறீர்கள்?

தலையுயரத்துக்கு ஒரு மூங்கில் தடி, விசில், நல்ல டார்ச், கணுக்கால் மூடும் பூட்ஸ். பூட்ஸும் டார்ச்சும் கரடிக்காக அல்ல. நம் பாறைக் காட்டில் காலடியில் கிடக்கும் சுருட்டை விரியனுக்காக.

கரடிக்கு மோப்பம் அதிகம், பார்வை மட்டு. கறையான் புற்றில் மூக்கை நுழைத்து உறிஞ்சும்போது அது எழுப்பும் சத்தத்தில் உங்கள் காலடி அதற்குக் கேட்காது. திடீரென்று பக்கத்தில் மனிதனைக் கண்டால் திகைத்துப் பாயும். முதுகில் குட்டி இருந்தால் கேட்கவே வேண்டாம். அதனால்தான் மலைக்காரர்கள் வளைவுகளில் சத்தமாகப் பேசிக்கொண்டும் தடியால் பாறையைத் தட்டிக்கொண்டும் போகிறார்கள். நாவல் பழக் காலத்தில் விடியலிலும் அந்தியிலும் மரத்தடிப் பாதைகளை விடுங்கள். மேலே விழுந்துவிட்டால் குப்புறப் படுத்து, கைகளைப் பின்கழுத்தில் கோத்து முகத்தை மண்ணில் புதைத்துக்கொள்ளுங்கள். கரடி முதலில் கிழிப்பது முகத்தைத்தான்.

காயம் பட்டால் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவி, வேலூருக்குக் கொண்டு போங்கள். ரத்தம் பீறிட்டால் அழுத்திப் பிடிப்பதுதான் முதல் வேலை, கழுவுவது பிறகு. காட்டு விலங்குக் கடி எதுவானாலும் வெறிநாய்க்கடித் தடுப்பூசி வேண்டும். பலர் இதை மறந்துவிடுகிறார்கள்.

அனுமதியோடு நடக்க வேண்டுமானால் அரசின் ட்ரெக் தமிழ்நாடு திட்டத்தில் ஏலகிரி சுவாமிமலையும் ஜலகாம்பாறையும் இருக்கின்றன. வழிகாட்டியும் உடன் வருவார்.

ஆற்காடு: இறந்துபோன அப்பாவின் இரட்டைக்குழல் பரணில் இருக்கிறது. என்ன செய்வது?

அவருடைய உரிமம் அவரோடு முடிந்துவிட்டது. இன்றே காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற துப்பாக்கிக் கடையிலோ ஒப்படைத்து ரசீது வாங்குங்கள். பிறகு வாரிசு என்ற முறையில் உங்கள் பெயருக்கு விண்ணப்பிக்கலாம், வேண்டாம் என்றால் விற்கலாம். பரணிலிருந்து இறக்கும்போது விசையில் விரல் படாமல், குழலைச் சுவர்ப் பக்கம் திருப்பி, மடக்கித் திறந்து இரண்டு குழலிலும் தோட்டா இல்லை என்று பார்த்துக்கொள்ளுங்கள். துருப்பிடித்துத் திறக்கவில்லை என்றால் தட்டாதீர்கள். அப்படியே வைத்துவிட்டுக் காவல் நிலையத்துக்குச் சொல்லுங்கள், அவர்கள் வந்து எடுத்துக்கொள்வார்கள்.