தாளத்துக்குப் பின்னால் பாடுபவர்

அன்புள்ள ஐயா,

அமெரிக்காவின் கன்ட்ரி இசை பற்றி நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு, அந்த இசையின் பாடகர் வில்லி நெல்சனைக் கேட்க ஆரம்பித்தேன். சில சந்தேகங்கள். 'க்ரேசி' போன்ற ஒரு பாட்டை 1961க்குள் எழுதிவிட்டவர், பாடகராக வெற்றி பெற 1975 வரை ஏன் காத்திருக்க வேண்டியிருந்தது? அவர் தாளத்தைத் தவறவிட்டுப் பாடுவதுபோல என் காதுக்குப் படுகிறது. அது பாணியா, குறையா? இரண்டு வருடமாக கித்தார் கற்கிறேன். அவரைப்போலப் பாடிப் பார்த்தால் எல்லாம் கலைந்துவிடுகிறது. அவருடைய கித்தாரில் பெரிய ஓட்டை ஒன்று இருக்கிறதே, அது எப்படி வந்தது?

க., திருச்சி

அன்புள்ள க.,

முதல் இரண்டு கேள்விகளுக்கும் ஒரே பதில்தான். அவர் பாடும் விதத்துக்கு கன்ட்ரி இசைத் தொழிலின் மையமான நாஷ்வில் நகரின் அன்றைய ஒலிப்பதிவு முறையில் இடமில்லை. அந்த முறை அவர் எழுதிய பாட்டுகளை வாரி எடுத்துக்கொண்டது, குரலைத் திருத்தப் பார்த்தது.

எழுதியவராக அவர் எப்படி வாழ்ந்தார் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். 1950களின் கடைசியில் ஹூஸ்டன் பக்கம் நடனக் கூடங்களில் பாடிக்கொண்டு, பால் பஸ்கர்க் நடத்திய பள்ளியில் கித்தார் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார். கைச்செலவுக்காக 'ஃபேமிலி பைபிள்' என்ற பாட்டை 50 டாலருக்கு விற்றார். விற்றார் என்றால் எழுதியவர் என்ற பெயரையும் சேர்த்து. 1960இல் கிளாட் கிரே பாடி அது கன்ட்ரி பட்டியலில் முதல் பத்துக்குள் வந்தபோது இசைத்தட்டில் நெல்சன் பெயர் இல்லை. 'நைட் லைஃப்' 150 டாலருக்குப் போனது.

அந்த 50 டாலரைக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பாருங்கள். அன்றைய அமெரிக்கச் சட்டப்படி விற்பனையாகும் தட்டு ஒன்றுக்கு ஒரு பாட்டுக்கு 2 சென்ட். வழக்கமாகப் பாட்டின் உரிமையை நிர்வகிக்கும் பதிப்பகத்துக்குப் பாதி, எழுதியவருக்குப் பாதி. ஒரு லட்சம் தட்டு விற்றால் எழுதியவர் கையில் 1,000 டாலர். அப்படியானால் 5,000 தட்டு விற்றாலே கிடைத்திருக்கும் தொகைக்கு ஒரு பாட்டை நிரந்தரமாகக் கொடுத்திருக்கிறார். வானொலி வருமானம் இதற்கு மேல். அமெரிக்காவில் வானொலி நிலையம் ஒரு பாட்டை ஒலிபரப்பினால் எழுதியவருக்கும் பதிப்பகத்துக்கும் பணம் வரும், பாடியவருக்கு வராது. பாட்டெழுதும் இளைஞர்கள் எந்த ஊரில் இருந்தாலும் இந்த ஒரு விஷயத்தைத் தெரிந்துவைத்துக்கொள்ள வேண்டும் என்று நினைக்கிறேன். உடனடிப் பணத்துக்கு முழு உரிமையையும் எழுதிக் கொடுக்காதீர்கள்.

1960இல் நாஷ்வில் போனார். அங்கே பாட்டெழுத்தாளர் ஹேங்க் காக்ரன் அவர் பாட்டுகளைக் கேட்டுவிட்டு, தான் வேலை பார்த்த பேம்பர் மியூசிக் பதிப்பகத்தில் சேர்த்துவிட்டார். வாரம் 50 டாலர், பின்னால் வரும் ராயல்டியில் கழித்துக்கொள்ளும் முன்பணமாக. 1961இல் ஃபேரன் யங் பாடிய 'ஹலோ வால்ஸ்' ஒன்பது வாரம் முதலிடத்தில் இருந்தது. அந்தப் பாட்டையும் நெல்சன் விற்கத்தான் போனார். யங் வாங்க மறுத்து 500 டாலரைக் கடனாகக் கொடுத்தார். கன்ட்ரி இசை வரலாற்றில் நான் மிகவும் மதிக்கும் செயல்களில் ஒன்று அது.

அடுத்தது 'க்ரேசி'. கன்ட்ரி பாட்டுக்கு மூன்று கார்டு (சேர்த்து மீட்டும் சுரக் கூட்டு) போதும் என்று இருந்த காலம். இது சி மேஜரில் தொடங்கினால் உடனே ஏ7க்குப் போய், டி மைனரில் இறங்கி, ஜி7 வழியாகத் திரும்பும். ஜாஸ் கேட்டு வளர்ந்த கை. பாடகி பேட்ஸி க்ளைன் 1961இல் ஓவன் பிராட்லியின் ஸ்டுடியோவில் இதைப் பதிவுசெய்ய வந்தபோது இரண்டு தடைகள். கார் விபத்தில் விலா எலும்பு முறிந்திருந்ததால் மேல் ஸ்தாயி எட்டவில்லை, வேறொரு நாள் வந்து குரலைப் பதிய வேண்டியிருந்தது. இன்னொன்று நெல்சன் பாடிக் கொடுத்திருந்த மாதிரிப் பதிவு. தாளத்துக்குப் பின்தங்கி அவர் பாடியதை அப்படியே பின்பற்ற முயன்று முடியாமல், கடைசியில் க்ளைன் தன் வழியிலேயே பாடினார். பாட்டு கன்ட்ரி பட்டியலில் இரண்டாம் இடம் வரை போனது. எழுதியவரின் குரல் அந்தப் பாட்டுக்கு இடைஞ்சலாக இருந்தது என்று நாஷ்வில் முடிவுகட்டியிருந்தால் வியப்பில்லை.

இப்போது உங்கள் இரண்டாவது கேள்வி. நம் கச்சேரிகளில் சமம் (தாளத்தின் முதல் தட்டு) விழுந்த பிறகு பாட்டு தொடங்கும் அனாகத எடுப்பைக் கேட்டிருப்பீர்கள். அங்கே அந்த இடைவெளி கீர்த்தனையிலேயே நிச்சயிக்கப்பட்டது. நெல்சனிடம் அது வரிக்கு வரி மாறும். ஒரு வரியைத் தாமதமாக எடுத்து, கடைசிச் சொற்களை நெருக்கி முடிப்பார். அடுத்த வரியை முன்கூட்டியே எடுத்து இழுப்பார். ஃபிராங்க் சினாட்ராவிடமிருந்தும் ஜாங்கோ ரைன்ஹார்ட்டின் கித்தாரிலிருந்தும் அவர் எடுத்துக்கொண்டது நிறைய. தாளம் அவருக்குள் கடிகாரம்போல ஓடுகிறது. அதனால்தான் அதைவிட்டு விலகி நடக்க முடிகிறது.

1960களின் நடுவில் ஆர்சிஏ இசைத்தட்டு நிறுவனத்துக்காகச் செட் அட்கின்ஸ் தயாரித்த பதிவுகளில் இது ஏன் எடுபடவில்லை என்பதற்குச் சரியான இசைக் காரணம் உண்டு. தாமதமாகப் பாடும்போது பழைய கார்டுக்குரிய சுரம் புதிய கார்டின் மேல் போய் விழும். கித்தார் ஒலி மீட்டியதும் தேயத் தொடங்கிவிடும், அந்த உரசல் நொடியில் மறைந்துபோகும், அது அழகாகவும் இருக்கும். வயலின் கூட்டமும் பின்பாட்டுக் குழுவும் புதிய கார்டை நீட்டிப் பிடித்திருந்தால் அதே உரசல் பிசிறாகக் கேட்கும். போதாததற்குப் பின்பாட்டுக் குழுவுக்கு வரி எங்கே முடிகிறது என்று முன்கூட்டியே தெரிய வேண்டும். அதனால் பாடகர் நேராகப் பாட வேண்டியதாகிறது. நேராகப் பாடும் நெல்சன் சாதாரணப் பாடகர்.

1970 டிசம்பரில் நாஷ்வில் அருகே அவர் வீடு எரிந்தது. 1972இல் டெக்சஸின் ஆஸ்டினுக்குக் குடிபோனார். கொலம்பியா இசைத்தட்டு நிறுவனத்துடன் பதிவின் முழுக் கட்டுப்பாடும் தன்னிடம் இருக்கும்படி ஒப்பந்தம் போட்டுக்கொண்டு, 1975 ஜனவரியில் டெக்சஸின் கார்லண்டில் இருந்த சின்ன ஸ்டுடியோவில் 'ரெட் ஹெடட் ஸ்ட்ரேஞ்சர்' தொகுப்பைப் பதிந்தார். செலவு சுமார் 4,000 டாலர். அக்கா பாபியின் பியானோ, பால் இங்கிலிஷின் டிரம்ஸ், பீ ஸ்பியர்ஸின் பாஸ், மிக்கி ரஃபேலின் ஹார்மோனிகா, இன்னும் ஓரிருவர். பல இடங்களில் கித்தாரும் குரலும் மட்டும். இது முழுமையான பதிவா, மாதிரியா என்று நிறுவனத்தில் குழம்பினார்கள். ஒப்பந்தம் இருந்ததால் கை வைக்க முடியவில்லை. அதிலிருந்த 'ப்ளூ ஐஸ் க்ரையிங் இன் த ரெயின்' பாடகராக அவருக்கு முதல் முதலிடத்தைத் தந்தது. அது அவர் எழுதியதல்ல, ஃப்ரெட் ரோஸ் எழுதிய பழைய பாட்டு. அத்தனை ஆண்டுகள் தடையாக இருந்தது பாட்டெழுத்து அல்ல, பதிவுமுறைதான் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

உங்கள் பயிற்சிக்கு வருகிறேன். உங்களுக்குக் கலைந்துபோவதற்குப் பெரும்பாலும் ஒரே காரணம்தான் இருக்கும்: வாய் தாமதிக்கும்போது வலது கையும் கூடவே தாமதிக்கிறது. மெட்ரோனோமை (தாளம் தட்டும் கருவி) நிமிடத்துக்கு 60 தட்டில் வையுங்கள். கித்தாரை மட்டும் வாசித்து போனில் பதியுங்கள். பிறகு கித்தாரைக் கீழே வைத்துவிட்டு அந்தப் பதிவின் மேல் பாடுங்கள். முதலில் நேராக, பிறகு ஒவ்வொரு வரியையும் ஒரு அட்சரம் தள்ளி எடுத்து, வழக்கமாக முடியும் இடத்திலேயே முடியுங்கள். சொற்கள் கடைசியில் நெருங்கும். நெருங்கட்டும், பேச்சிலும் அப்படித்தான் நெருங்குகின்றன. இது பழகிய பிறகே கித்தாரை மறுபடி கையில் எடுங்கள்.

இன்னொரு தவறும் வரும். எல்லா வரிகளையும் ஒரே அளவு தள்ளி எடுத்தால் கேட்பவர் காது அதற்குப் பழகிவிடும், பாட்டே ஒரு அட்சரம் நகர்ந்துவிட்டதுபோல இருக்கும், தாமதம் தெரியாது. நாலு வரியில் ஒரு வரியாவது சரியாகத் தாளத்தில் விழ வேண்டும். கார்டு மாறும் இடத்தில் பழைய சுரத்தை நீட்டாமல் சுருக்கிவிடுங்கள். கூட யாராவது வாசித்தால் உங்களுக்காகக் காத்திருக்க வேண்டாம் என்று சொல்லிவையுங்கள். நல்ல மனதுடன் அவர்கள் காத்திருந்தால் எல்லாரும் சேர்ந்து காலப்பிரமாணத்தை இழப்பீர்கள்.

கித்தார் ஓட்டைக்குக் காரணம் எளிது. 'ட்ரிகர்' என்று அவர் பெயரிட்ட அது, மார்ட்டின் என்-20 ரக நைலான் தந்தி கித்தார். 1969இல், முந்தைய பால்ட்வின் கித்தாரைக் குடிபோதையில் ஒருவர் மிதித்து உடைத்த பிறகு, நாஷ்வில்லில் ஷாட் ஜாக்சனிடம் 750 டாலருக்கு வாங்கியது. பால்ட்வினில் இருந்த பிக்கப்பை (தந்தி ஒலியை மின்சைகையாக்கும் கருவி) ஜாக்சன் இதில் மாற்றிப் பொருத்தினார். நைலான் தந்தி பூட்டும் கிளாசிக்கல் கித்தார் விரலால் மீட்டுவதற்காகச் செய்யப்படுவது, அதனால் பிக் (தந்தியை மீட்டும் சிறு தகடு) உரசாமல் காக்கும் தகடு அதில் இருக்காது. நெல்சன் பிக் வைத்து வாசிப்பவர். ஸ்ப்ரூஸ் மேல்பலகை மெல்லிய மென்மரம். ஒலித்துளைக்கும், தந்திகள் கட்டப்படும் பாலத்துக்கும் நடுவே வருடக்கணக்கில் பிக்கும் விரலும் தேய்த்து மரமே போய்விட்டது. ஆஸ்டினில் மார்க் எர்லிவைன் பல்லாண்டுகளாக அதைப் பராமரிக்கிறார், உள்ளே தாங்கு சட்டங்களை வலுப்படுத்தியிருக்கிறார்.

உங்களுடையதும் நைலான் கித்தார் என்றால் பசை இல்லாமலே ஒட்டிக்கொள்ளும் பிளாஸ்டிக் தாள் ஒன்றைப் பிக் படும் இடத்தில் போட்டுக்கொள்ளுங்கள். பசைத் தகடு பிரிக்கும்போது பாலிஷையும் உரித்துக்கொண்டு வரும். சத்தம் போதவில்லை என்று ஸ்டீல் தந்தி மட்டும் மாட்டிவிடாதீர்கள். இழுவிசை ஏறக்குறைய இரட்டிப்பாகி, பாலம் பெயர்ந்து வரும்.

கேட்பதற்கு ஒரு வரிசை சொல்கிறேன். 'க்ரேசி'யை முதலில் பேட்ஸி க்ளைன் குரலிலும் உடனே நெல்சன் குரலிலும் கேளுங்கள். பிறகு புக்கர் டி. ஜோன்ஸ் தயாரித்த 1978இன் 'ஸ்டார்டஸ்ட்'. அதன்பின் 'ஹூல் பை மை மெமரீஸ்'. 1990இல் வருமான வரித்துறை 1 கோடியே 67 லட்சம் டாலர் கேட்டு அவர் சொத்துகளை முடக்கியபோது, கடனை அடைக்க வெளியிட்ட தொகுப்பு அது. அவரும் கித்தாரும் மட்டும். காலால் தாளம் போட்டுக்கொண்டே கேளுங்கள். ஒவ்வொரு வரியும் எத்தனையாவது தட்டில் எடுக்கிறார் என்று ஒரு பாட்டுக்காவது தாளில் குறித்து எனக்கு எழுதுங்கள், சேர்ந்து பார்க்கலாம்.

அன்புடன்.