குருவி பார்க்கப் போகிற பிள்ளை

அன்புள்ள அம்மா,

உயர்தரத்தில் உயிரியல் படிக்கிற மகன் ரியூசனை விட்டுவிட்டுச் சரசாலைக் குருவிக்காட்டில் போய் நிற்கிறான், இரசாயனவியல் கொப்பியின் பின்பக்கமெல்லாம் குருவிப் பெயர், இப்போது பெரிய லென்ஸ் வேண்டித் தரச் சொல்லி அடம் பிடிக்கிறான் என்று எழுதியிருந்தீர்கள். "படம் எடுத்துச் சோறு தின்னலாமோ?" என்றும் கேட்டிருந்தீர்கள்.

குருவிப் படத்தை மட்டும் விற்றுக் குடும்பம் நடத்துகிற ஒருவரையும் யாழ்ப்பாணத்தில் நான் இதுவரை காணவில்லை. அதை முதலே சொல்லிவிடுகிறேன்.

ஆனால் நீங்கள் அனுப்பிய படங்களை இரண்டு தரம் பார்த்தேன். நெடுங்கால் உள்ளான் ஒன்று தண்ணீரில் நிற்கிறது. நின்றபடி எடுத்த படமில்லை அது. சேற்றில் படுத்து, குருவியின் கண்மட்டத்துக்குக் கமராவை இறக்கி எடுத்திருக்கிறான். (அந்தச் சேறுபட்ட சட்டையைத் தோய்த்தவர் நீங்களாகத்தான் இருக்கும்.) இதை ஒருவரும் சொல்லிக்கொடுத்திருக்க மாட்டார்கள். ஊசிவால் வாத்துக்கூட்டம் எழும்பிப் பறக்கிற மற்றப் படம் எனக்குப் பிடிக்கவில்லை. கிட்டப் போய்க் கலைத்துத்தான் எடுத்திருக்கிறான். வட ஆசியாவிலிருந்து ஆயிரக்கணக்கான கிலோமீற்றர் பறந்து வந்து இரை மேய்கிற பறவையைக் கலைக்கக்கூடாது என்று நான் சொன்னதாகச் சொல்லுங்கள்.

இந்த வேலையில் படம் ஒரு பங்குதான். மன்னாரில் காற்றாலைகள் நிற்கின்றன. அப்படிப்பட்ட திட்டங்களுக்குச் சுற்றாடல் மதிப்பீடு செய்யும்போது, பறவையை இனங்கண்டு எண்ணிப் பதியத் தெரிந்த ஆள் தேவை. சுண்டிக்குளமும் நெடுந்தீவும் 2015இல் தேசியப் பூங்காக்களாயின. மன்னார் வங்காலை 2010இல் ராம்சர் ஈரநிலமானது, அதாவது உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் பட்டியலில் சேர்ந்தது. ஐப்பசி தொடங்கிப் பங்குனி வரை அங்கெல்லாம் வலசைப் பறவைகளைத் தேடி வருகிறவர்களைக் கூட்டிக்கொண்டு போகலாம். அதற்குச் சுற்றுலா அபிவிருத்தி அதிகாரசபையின் வழிகாட்டி உரிமம் வேண்டும், தடுமாறாத ஆங்கிலமும் வேண்டும். மிச்சக் காசுக்குக் கலியாணவீட்டுப் படப்பிடிப்பு இருக்கிறது. அதைக் கேவலமாக நினைக்க வேண்டாம் என்று சொல்லுங்கள். எங்கட சனம் மார்கழியில் கலியாணம் வைப்பதில்லை. குருவி நிறைந்திருப்பதும் அந்த மாதம்தான்!

ஆகவே உயர்தரத்தை விடவே கூடாது. யாழ். பல்கலைக்கழகத்திலேயே விலங்கியல் துறை இருக்கிறது. விலங்கியல் பட்டத்தோடு வருகிற படப்பிடிப்பாளனுக்கு மேலே சொன்ன வேலைகளில் பாதிக் கதவு முன்கூட்டியே திறந்திருக்கும். வெறும் கமராவோடு வருகிறவன் மற்ற நூறு பேரோடு வரிசையில் நிற்க வேண்டும்.

லென்ஸ் இப்போது வேண்டாம். பல இலட்சம் போகும். நகையை அடகு வைக்கிற யோசனை இருந்தால் விட்டுவிடுங்கள். அதற்குப் பதிலாக ஒரு தொலைநோக்கி வேண்டிக் கொடுங்கள், எட்டு மடங்கு பெருக்குவது போதும். பார்த்த பறவை, இடம், நேரம், எண்ணிக்கை எல்லாவற்றையும் ஈபேர்ட் செயலியில் பதியட்டும், அதற்குக் காசில்லை. நாளைக்கு வேலை கேட்டுப் போகும்போது காட்ட அந்தப் பதிவு இருக்கும்.

ஞாயிறு வகுப்பு தவறக்கூடாது. சனி விடிய ஐந்தரையிலிருந்து எட்டரை வரை அவனுக்கு விடுங்கள். முகமாலைப் பக்கம் போனால், கண்ணிவெடி இருக்கிறது என்று மண்டையோட்டுப் பலகை கட்டிய இடத்துக்குள் எந்தக் குருவிக்காகவும் கால் வைக்கக்கூடாது. இதில் மட்டும் நீங்கள் எவ்வளவு கத்தினாலும் தகும்.

அடுத்த கிழமை அவனைக் கூட்டிக்கொண்டு வாருங்கள். கமரா வேண்டாம். அந்த இரசாயனவியல் கொப்பியைக் கொண்டுவரச் சொல்லுங்கள்.