நாணயமும் தலைக்கவசமும் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

அதிசய ஆற்றல்களோடு பிறந்தவர்களைப் பற்றிய எக்ஸ்-மென் வரிசையில் 2011இல் வந்த முன்கதை ‘எக்ஸ்-மென்: ஃபர்ஸ்ட் க்ளாஸ்’. அந்தப் படத்தை வைத்து நண்பர்களுக்குள் ஒரு வாரமாகச் சண்டை. அந்த வரிசையிலேயே சிறந்த படம் அதுதான் என்கிறது ஒரு தரப்பு. நான் எதிர்த்தரப்பு. முதல் குறை, முடிவு தெரிந்த கதை. மனம் படிக்கும் சார்லஸ் சக்கர நாற்காலியில் உட்காரப் போகிறார், உலோகத்தை அசைக்கும் எரிக், வில்லன் மேக்னீட்டோ ஆகப் போகிறார், இதில் பார்க்க என்ன இருக்கிறது? இரண்டாவது, முந்தைய படங்களோடு ஒத்தே போகவில்லை. மூன்றாவது, சில வாரப் பழக்கத்தை வாழ்நாள் நட்பு என்று நம்பச் சொல்கிறது. ஆனால் ஒரு நண்பர் என்னை மடக்கிவிட்டார். “பழைய படத்துக்கு விசுவாசமாக இருப்பதுதான் அளவுகோல் என்றால், அது விட்டுவைத்த எல்லாக் கேள்விகளுக்கும் பதில் சொன்ன வுல்வரின் முன்கதையை அல்லவா நீ கொண்டாட வேண்டும்?” என்றார். பதில் சொல்ல முடியவில்லை. முன்கதைப் படத்தை எதை வைத்துத்தான் மதிப்பிடுவது? புதிதாகப் பார்ப்பவர்களுக்கு எந்த வரிசையில் பார்க்கச் சொல்வது?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

உங்கள் இரண்டாவது குறையிலிருந்து தொடங்குகிறேன். அதில் நீங்கள் சொல்வது சரி. கையில் இன்னும் சில ஆதாரங்களும் தருகிறேன், அடுத்த சண்டைக்கு உதவும்.

2000இல் வந்த முதல் படத்தில், எரிக்கைச் சந்தித்தபோது தனக்கு வயது பதினேழு என்று சார்லஸ் சொல்கிறார். தன் மனம் படிக்கும் ஆற்றலைப் பெருக்கும் செரீப்ரோ இயந்திரத்தைக் கட்டுவதில் எரிக் உதவினார் என்றும் சொல்கிறார். 2011இன் முன்கதையில் இருவரும் சந்திப்பது 1962இல். சார்லஸ் அப்போது ஆக்ஸ்ஃபோர்டில் ஆய்வை முடித்துவிட்ட ஆள். செரீப்ரோவைச் செய்து வைத்திருப்பவன் ஹாங்க் என்ற இளம் விஞ்ஞானி. 2006இல் வந்த மூன்றாவது படம் ‘இருபது ஆண்டுகளுக்கு முன்’ என்று தொடங்குகிறது. அதில் சார்லஸும் எரிக்கும் சேர்ந்து சிறுமி ஜீனின் வீட்டுக்கு வருகிறார்கள், சார்லஸ் நடந்தே வருகிறார். முன்கதையின்படி அவர் முதுகெலும்பில் குண்டு பாய்ந்ததும் இருவரும் பிரிந்ததும் 1962 அக்டோபரில். இதற்கு, 2014 படத்தில் வரும் மருந்தைச் சிலர் ஒட்டுப்போடுவார்கள். ஹாங்க் கொடுக்கும் மருந்தால் சார்லஸ் எழுந்து நடக்கிறாரே, அதுபோல இருக்கலாம் என்பார்கள். ஒட்டு நிற்காது. அந்த மருந்து கால்களைத் தந்து மனம் படிக்கும் ஆற்றலைப் பறித்துக்கொள்கிறது. 2006 படத்தின் காட்சியிலோ சார்லஸ் நடக்கவும் செய்கிறார், ஜீனின் மனத்துக்குள் பேசவும் செய்கிறார்.

எம்மா ஃப்ராஸ்ட் விஷயம் இன்னும் மோசம். 2009இன் வுல்வரின் முன்கதையில் வைரத் தோலோடு வரும் இளம்பெண், அதற்குப் பல ஆண்டுகளுக்கு முந்தைய 1962இல் முழு வளர்ச்சியடைந்த பெண்ணாக நிற்கிறாள். காமிக்ஸில் எக்ஸ்-மென் அணித்தலைவன் சைக்ளாப்ஸின் தம்பியான ஹாவக், இங்கே அண்ணனைவிட ஒரு தலைமுறை மூத்தவனாகிவிடுகிறான். 1963இல் வந்த முதல் இதழின் ஐந்து மாணவர்களில் இந்த ‘முதல் வகுப்பில்’ இடம் கிடைத்தது ஹாங்க் ஒருவனுக்குத்தான்.

இவ்வளவு இருந்தும் படம் உடையவில்லை என்பது என் கட்சி. ஏனென்றால் மேலே சொன்ன எல்லாம் தேதியும் தகவலும். பார்வையாளர் மனத்தில் தங்குவது தகவலல்ல, இந்த மனிதர் இந்த நிலைமையில் இதைத்தான் செய்வார் என்ற எதிர்பார்ப்பு. முன்கதை அந்த எதிர்பார்ப்பை உடைத்தால் மன்னிக்க முடியாது. சார்லஸுக்கு வயது பதினேழா முப்பதா என்பதை அடுத்த காட்சியிலேயே மறந்துவிடலாம்.

அப்படியானால் உங்கள் நண்பரின் மடக்குக் கேள்விக்கு வருவோம். வுல்வரின் முன்கதை எல்லாக் கேள்விகளுக்கும் பதில் சொல்கிறது என்பது உண்மை, அதுதான் அதன் நோயும். தோல் சட்டை எங்கிருந்து வந்தது? ஒரு முதிய தம்பதி கொடுத்தார்கள். வுல்வரின் என்ற பெயர்? காதலி சொன்ன நிலாக் கதையிலிருந்து. உலோக எலும்பு, தொலைந்த நினைவு? உலோகத்தை ராணுவ அதிகாரி ஸ்ட்ரைக்கர் ஏற்றினார், நினைவை அவரே அதே உலோகத்தாலான தோட்டாவைத் தலையில் சுட்டு அழித்தார். இந்தப் பதில்கள் கிடைத்த பிறகு முதல் படத்தின் லோகனை, அதாவது வுல்வரினை, பார்த்தால் அவன் ஒரு அங்குலம்கூட மாறுவதில்லை. அந்தச் சட்டையை யாரிடம் வாங்கினான் என்பது அவனுடைய எந்தச் செயலையும் பாதிக்கவில்லை. விக்டரும் (முதல் படத்தின் வில்லன் செபர்டூத்) லோகனும் சகோதரர்கள் என்ற பெரிய தகவலும் இப்படித்தான். முதல் படத்தில் செபர்டூத், லோகனின் டாக் டேக்கை (ராணுவ அடையாளத் தகட்டை) பறித்து வைத்துக்கொள்வதை உறவின் தடயம் என்று காட்டும் ரசிகர்கள் உண்டு. நல்ல கண்தான். ஆனால் அந்தப் படத்தில் இருவரும் மோதும் எந்த இடத்திலும் உறவின் வலி இல்லை, இரண்டு முரடர்கள் அடித்துக்கொள்கிறார்கள், அவ்வளவே. நியாயமாக ஒன்றைச் சொல்ல வேண்டும். அதன் தொடக்கத்தில், அமெரிக்க உள்நாட்டுப் போர் முதல் வியட்நாம் வரை சகோதரர்கள் இருவரும் போர்போராக ஓடிவரும் அந்தச் சில நிமிடங்கள் அபாரமானவை. அதில் எதற்கும் விளக்கமில்லை, கவனித்தீர்களா?

‘ஃபர்ஸ்ட் க்ளாஸ்’ படமும் பொருட்களுக்கு மூலம் சொல்கிறது. மேக்னீட்டோவின் தலைக்கவசம் எங்கிருந்து வந்தது என்ற கேள்வி தோல் சட்டைக் கேள்வியைப் போலவே அற்பமானது. அதைப் படம் எப்படிக் கையாள்கிறது என்று படிப்படியாகப் பார்க்கலாம்.

முதல் படி, 1944, போலந்தின் வதைமுகாம். தாயைப் பிரிக்கும்போது இரும்புக் கதவை வளைத்த சிறுவனை ஒரு அறைக்குக் கொண்டுவருகிறார்கள். மேசை, புத்தகங்கள், சாக்லேட். படத்தின் வில்லன் ஷா (அப்போது வேறு பெயர்) ஒரு நாணயத்தை வைத்து, நகர்த்து என்கிறான். முடியவில்லை. தாயை வரவழைத்து, மூன்று எண்ணுவதற்குள் நகர்த்தாவிட்டால் சுடுவேன் என்கிறான், மூன்று எண்ணிச் சுடுகிறான். கேமரா இருக்கும் இடத்தைக் கவனியுங்கள். முதலில் நமக்குக் காட்டப்படுவது படிப்பறைப் பக்கம் மட்டும். கேமரா எதிர்ப்பக்கம் திரும்பும்போதுதான் கண்ணாடிக்குப் பின்னால் அறுவைக் கத்திகள் வரிசையாகத் தொங்குவது தெரிகிறது. சிறுவன் உள்ளே வந்ததிலிருந்து அதைப் பார்த்துக்கொண்டுதான் நின்றிருக்கிறான். பயந்தவன் கண்ணில் பட்டதை நமக்குத் தாமதமாகத் தருகிறது படம்.

இரண்டாவது படி, கவசம் ஷாவின் தலையில். சோவியத் தரப்பு செய்து கொடுத்தது, மனம் படிப்பவர்களை வெளியே நிறுத்தும். இந்த இடத்தில் அது வெறும் கருவி.

மூன்றாவது படியில் கவசமே கிடையாது, உங்கள் மூன்றாவது குறைக்கான பதிலும் இங்கேதான் இருக்கிறது. பயிற்சியின்போது தொலைவில் நிற்கும் பெரிய டிஷ் ஆன்டெனாவைத் திருப்பச் சொல்கிறார் சார்லஸ். எரிக்கின் கோபத்தால் அது அசையவில்லை. அனுமதி கேட்டு அவன் நினைவுக்குள் சார்லஸ் போகிறார். தாயும் மகனும் மெழுகுவர்த்தி ஏற்றும் ஒரு காட்சி. எரிக்கே மறந்துவிட்ட ஒன்று. இருவர் கண்களும் கலங்குகின்றன, ஆன்டெனா திரும்புகிறது. நட்புக்குக் காலம் போதவில்லை என்றீர்கள். சாதாரண மனிதர்களுக்குப் போதாதுதான். ஆனால் ஒருவர் மற்றவரின் மனத்துக்குள் நுழையக்கூடியவர் என்றால், பத்து வருடத்தில் சொல்லத் தயங்குவது ஒரு நிமிடத்தில் கைமாறிவிடுகிறது. மாணவர்களைத் தேடிப் பிடிக்கும் பகுதியைத் துண்டுதுண்டாக ஓட்டிவிட்டு, இந்தக் காட்சிக்கு மட்டும் நேரம் கொடுத்திருக்கிறார் இயக்குநர் மேத்யூ வான். ஜேம்ஸ் மெக்கவாயும் மைக்கேல் ஃபாஸ்பெண்டரும் இல்லாவிட்டால் இது பிழைத்திருக்காது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

நான்காவது படி, கியூபாவின் கடற்கரை. உடைந்து கிடக்கும் நீர்மூழ்கிக்குள் ஷாவின் தலையிலிருந்து கவசத்தைக் கம்பிகளால் கழற்றுகிறான் எரிக். உடனே சார்லஸ் வெளியிலிருந்தபடி ஷாவின் உடலை உறைய வைக்கிறார். எரிக் அந்தக் கவசத்தை எடுத்துத் தன் தலையில் வைத்துக்கொள்கிறான். ஷா சொன்ன கொள்கை எல்லாவற்றோடும் தனக்கு உடன்பாடு என்கிறான். தாயைக் கொன்றதுதான் கணக்கு. பிறகு மூன்று எண்ணி, அதே நாணயத்தை நகர்த்துகிறான், ஷாவின் நெற்றிக்குள்ளாக. ஷாவைப் பிடித்து வைத்திருக்கும் சார்லஸ் அந்த நாணயம் போகும் வழியெல்லாம் அலறுகிறார். விட்டுவிட்டால் ஷா எரிக்கைக் கொன்றுவிடுவான், அதனால் விடவும் முடியாது.

ஆகவே அந்தக் கவசம் தாயைக் கொன்றவனின் சொத்து, அதை மகன் சுவீகரித்துக்கொள்கிறான். ஆன்டெனா காட்சியில் திறந்த ஒரே கதவை மூடும் தாழ்ப்பாளும் அதுவே. எரிக் அதை அணியும் விநாடியில் நண்பனை வெளியேற்றுகிறான், எதிரியைத் தன்னுள் ஏற்றுக்கொள்கிறான். தோல் சட்டைக்கும் இதற்கும் உள்ள வித்தியாசத்தை உங்கள் நண்பரிடம் சொல்லுங்கள். ஒரு பொருள் எங்கிருந்து வந்தது என்று சொன்னால் போதாது, அதற்கு என்ன விலை கொடுக்கப்பட்டது என்று காட்ட வேண்டும்.

முடிவு தெரிந்த கதை என்ற முதல் குறைக்குத் தனியாகப் பதில் தேவையா என்று தெரியவில்லை. இந்தப் படத்தில் முடிவு இரண்டு மடங்கு தெரியும். சார்லஸ் நாற்காலிக்குப் போவார் என்பது முந்தைய படங்களால் தெரியும், 1962 அக்டோபரில் அணு ஆயுதப் போர் மூளவில்லை என்பது வரலாற்றால் தெரியும். இதைத் தெரிந்தேதான் கியூபா ஏவுகணை நெருக்கடியைத் தேர்ந்திருக்கிறார்கள். ஏவுகணை பாயுமா என்ற கேள்வி போய்விட்டதால், பாய்ந்த ஏவுகணையை யார் திருப்புகிறார்கள், எந்தப் பக்கம் திருப்புகிறார்கள் என்பது கேள்வியாகிறது. வரலாற்றிலும் கைவைத்திருக்கிறார்கள், சொல்லிவிடுகிறேன். துருக்கியில் அமெரிக்காவின் ஜூபிடர் ஏவுகணைகளை நிறுத்த 1959லேயே ஒப்பந்தம் ஆகிவிட்டது. படத்தில் ஷா ஒரு கர்னலை மிரட்டி அதை 1962இல் சாதிக்கிறான். ஆனாலும் நெருக்கடியின் ஒரு முனை துருக்கியில் இருந்தது என்பதை ஒரு சூப்பர்ஹீரோ படம் நினைவில் வைத்திருப்பது சாதாரண விஷயமல்ல.

படத்தின் உண்மையான ஓட்டைகள் உங்கள் பட்டியலில் இல்லை. டார்வின் என்ற மாணவனின் சாவு அவற்றில் பெரியது. எந்த ஆபத்துக்கும் உடல் தன்னை மாற்றிக்கொண்டு பிழைக்கும், அதுதான் அவன் ஆற்றல். அணியில் முதலில் சாகிறவன் அவனே. ஷாவின் சக்தி அதையும் மீறியது என்று வாதிடலாம். ஆனால் விதியைச் சொல்லி அரை மணி நேரத்துக்குள் அதை உடைத்தால் மற்றவர்களின் ஆற்றல் மீதும் நம்பிக்கை போகிறது. அவன் கறுப்பினத்தவன் என்பது வேறு உறுத்துகிறது. உருமாறும் ரேவனின் (முதல் படத்தின் மிஸ்டிக்) விஷயமும் அப்படித்தான். சார்லஸோடு தங்கையாக வளர்ந்தவள் என்கிறது முன்கதை. 2000 படத்திலோ அவள் செரீப்ரோவில் நஞ்சைக் கலந்து சார்லஸை மயக்கத்தில் தள்ளும்போது முகத்தில் ஒரு சலனமும் இல்லை. இது தேதிப் பிழையல்ல, குணத்தின் பிழை. என்னிடம் சமாதானம் ஏதுமில்லை. பிறகு மிருகமாக மாறிய ஹாங்கின் நீல ரோம முகம். 2010 ஆகஸ்ட் கடைசியில் படப்பிடிப்பு தொடங்கி 2011 ஜூன் 3 அன்று திரைக்கு வந்த படம், அந்த அவசரம் அந்த முகத்தில் அப்படியே தெரிகிறது.

வரிசை பற்றிக் கேட்டீர்கள். வெளியான வரிசைதான், ஆனால் இடையில் சிலவற்றைத் தள்ளிவைக்கலாம். முதலில் 2000, அடுத்து 2003, பிறகு நேரே 2011, அதன் பின் 2014. 2006 படமும் வுல்வரின் முன்கதையும் விரும்பினால் பிற்பாடு. கதை நடக்கும் காலவரிசையில் 1962ஐ முதலில் காட்டிவிடாதீர்கள். அந்தக் கவசத்தை மேக்னீட்டோவின் தலையில் ஏற்கெனவே பார்க்காதவருக்கு, ஷாவின் தலையில் அதைப் பார்ப்பது ஒரு தொப்பியைப் பார்ப்பதுதான்.

நான்கையும் முடித்தபின் முதல் படத்துக்குத் திரும்பி ரயில் நிலையக் காட்சியை மட்டும் போடச் சொல்லுங்கள். போலீஸ்காரர்களின் துப்பாக்கிகளை மேக்னீட்டோ பறித்து அவர்கள் பக்கமே திருப்பி நிறுத்தியிருக்கிறார். அவர் தலையில் கவசம் இருப்பதால் சார்லஸால் அவரை நெருங்க முடியவில்லை, அடியாட்களின் உடலை வசப்படுத்தி அவர்கள் வாயால் பேசுகிறார். ஒரு துப்பாக்கி மட்டும் வெடிக்கிறது. தோட்டா ஒரு காவலரின் நெற்றியைத் தொட்டபடி அந்தரத்தில் சுழல்கிறது. எல்லாவற்றையும் என்னால் நிறுத்த முடியுமென்று தோன்றவில்லை என்கிறார் மேக்னீட்டோ. 2000இல் இது மிரட்டல். அதை எடுத்தவர்கள் அப்போது வேறெதையும் நினைத்திருக்க வாய்ப்பில்லை. ஆனால் முன்கதையின் கடற்கரையில் சிஐஏ அதிகாரி மொய்ரா சுட்ட தோட்டாக்களை எரிக் கையால் தட்டிவிட, தட்டிவிட்ட ஒன்று சார்லஸின் முதுகில் பாய்ந்ததைப் பார்த்துவிட்டு வந்தால், அது மிரட்டல் மட்டுமல்ல. அவரால் எல்லாவற்றையும் நிறுத்த முடியாது என்பது அந்த இடத்தில் இருப்பவர்களில் சார்லஸுக்குத்தான் நன்றாகத் தெரியும். அவர் விட்டுக்கொடுத்துவிடுகிறார்.